வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஆறும் ஒரு சின்னத் தூண்டில் கடையும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சென்ற வார இதழின் கோடைகாலப் பக்கத்தில் மீன்பிடித்தல் பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். நம்மவர்கள் திரைக்கு முன்னால் குந்தியிருக்காமல் தண்ணீர்ப் பக்கம் போக வேண்டும் என்று எழுதியவர் சொன்னது நல்ல சொல். ஆனால் கட்டுரை கொடுத்த இரண்டு ஆலோசனைகளையும் என்னால் ஏற்க முடியவில்லை. நல்ல மீன் வேண்டுமானால் வடக்கே மூன்று மணித்தியாலம் வண்டி ஓட்ட வேண்டும் என்பது ஒன்று. சின்னத் தூண்டில் கடைகளில் விலை கூட, ஆகவே சாமான்களை ஒரே தொகுதியாக இணையத்தில் எடுத்துவிட வேண்டும் என்பது மற்றது. ரொறன்ரோவின் ஸ்காபரோவிலும் பக்கத்து மார்க்கம் நகரிலும் குடியிருக்கும் வாசகருக்கு இதைவிடப் பொருந்தாத ஆலோசனை வேறு இருக்க முடியாது.

நான் வாகன உதிரிப்பாகத் தொழிற்சாலையில் இரவு வேலை செய்து ஓய்வுபெற்றவன். மீன்பிடிப்பது எனக்குத் தொழிலும் அல்ல, பரம்பரை வழக்கமும் அல்ல. சிறுவயதில் தொண்டைமானாற்றுப் பாலத்தடியில் தங்கூசி நூலும் ஈயக்குண்டும் இறால் துண்டுமாக நின்றதோடு சரி. இங்கே வந்தபிறகு தொற்றிக்கொண்டது ஃப்ளை ஃபிஷிங். அறியாதவர்களுக்காக இரண்டு வரி: சாதாரணத் தூண்டிலில் ஈயத்தின் பாரம் நூலை இழுத்துக்கொண்டு போகும். இதில் பாரம் நூலிலேயே இருக்கிறது. தூண்டில் முள்ளில் இறகும் உரோமமும் பட்டுநூலும் சுற்றிச் செய்த போலிப் பூச்சிக்கு எடையென்று ஒன்றும் கிடையாது. தடித்த நூலைத் தலைக்குப் பின்னால் முழுவதுமாக விரியவிட்டு, அது விரிந்து முடிகிற கணத்தில் முன்னால் செலுத்தினால், பூச்சி அதன் பின்னே போய்த் தண்ணீரில் இறங்கும். பின்னால் விரிய விடாமல் அவசரப்பட்டால் நூல் முழுவதும் உங்கள் தொப்பியில் வந்து விழும்.

யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவனுக்கு ஆறு என்பது பெரும்பாலும் பெயரளவில்தான். தொண்டைமானாறு கடல்நீரேரி. வழுக்கையாறு மாரியில் மட்டும் அராலி வரை ஓடிவிட்டுக் கோடையில் வயலோடு வயலாகக் கிடக்கும். வருடம் முழுவதும் ஓடுகிற நன்னீரை நான் முதலில் பக்கத்தில் நின்று பார்த்தது ரூஜ் ஆற்றில்தான். வடக்கே, பனியாறுகள் விட்டுப்போன மணலும் சரளையுமான ஓக் ரிட்ஜஸ் மேட்டில் மழையும் உருகிய பனியும் ஊறி, குளிர்ந்த ஊற்றாகக் கசிந்து, மார்க்கத்து வீட்டுத் திட்டங்களுக்கு நடுவே இறங்கி, ரொறன்ரோவுக்கும் பிக்கரிங்குக்கும் எல்லையாக ஒன்ராரியோ ஏரியில் விழுகிறது. ரூஜ் ஹில் ரயில் நிலையத்தில் இறங்கினால் முகத்துவாரத்துக்கு நடந்தே போகலாம். ஹைலண்ட் ஓடையோ மோர்னிங்சைட் பூங்காவுக்குள்ளேயே ஓடுகிறது. நம்மவர்கள் பிறந்தநாளுக்கு இறைச்சி வாட்டுகிற மேசையிலிருந்து எழுந்து சற்று நடந்தால் தண்ணீர்.

இந்தப் பள்ளத்தாக்குகள் வீடுகளாகாமல் இருப்பதற்குக் காரணம் உண்டு. 1954 ஒக்டோபரில் ஹேசல் புயல் வந்து ஒன்ராரியோவில் 81 பேரைக் கொன்றது. ஹம்பர் ஆற்றங்கரையில் ரேமோர் தெருவின் ஒரு பகுதியை வீடுகளோடு ஆறு கொண்டுபோனது. அதன்பிறகுதான் ஆற்றுப் பள்ளங்களில் வீடு கட்டவிடாமல் நிலத்தைப் பொதுவுக்கு எடுத்தார்கள். இன்று நாம் நடக்கிற பாதைகளும் சைக்கிள் ஓட்டுகிற தடங்களும் அப்படிக் கிடைத்தவை. ரூஜ் பகுதி 2015இல் கனடாவின் முதலாவது தேசிய நகர்ப்புறப் பூங்காவானது. இத்தனையும் பஸ் தூரத்தில் இருக்க, பெற்றோல் எரித்து வடக்கே மஸ்கோக்காவுக்கு ஓடச் சொல்வதற்கு என்ன தேவை?

'அந்த ஆறுகளில் என்ன மீன் இருக்கிறது' என்று கேட்பார்கள். ஏப்ரலில் ஏரியிலிருந்து ரெயின்போ ட்ரவுட் ஏறுகிறது. கோடையில் ஸ்மோல்மவுத் பாஸ், கெண்டை, சின்னச் சின்ன சப் மீன்கள். செப்டெம்பரில் முதல் நல்ல மழைக்குப் பிறகு சினூக் சால்மன் வரும். பெண் மீன் பக்கவாட்டில் சரிந்து வாலால் சரளையை அடித்துக் குழி பறிப்பதை, பாலத்தில் நின்றபடி கோப்பி குடித்துக்கொண்டே பார்க்கலாம். முட்டையிட்ட பிறகு அவை செத்துப்போகும். ஒக்டோபரில் ஓடைக்கரை நாறுவது அதனால்தான். அதற்கு மாநகரசபையைத் திட்டிப் பயனில்லை. இந்தச் சினூக் பசிபிக் கரையிலிருந்து கொண்டுவரப்பட்டது. 1960களின் கடைசியிலிருந்து இந்த ஏரியில் விட்டு வருகிறார்கள். இங்கேயே பிறந்த அத்திலாந்திக் சால்மன், மாவு ஆலைகளுக்காகக் கட்டிய அணைகளாலும் காடழிப்பாலும், 1898 அளவில் இந்த ஏரியிலிருந்து இல்லாமற்போனது. நியூகாசிலில் சாமுவேல் வில்மட் என்பவர் 1866இலேயே குஞ்சு பொரிப்பகம் வைத்துப் போராடிப் பார்த்தார். அணைகள் அப்படியே இருக்கும்போது குஞ்சு விட்டு என்ன செய்வது? 2006இலிருந்து மறுபடியும் முயற்சி நடக்கிறது.

ஆனால் என்னிடம் கேட்டால், ரூஜ் ஆற்றின் மிக அழகான மீன் உங்கள் விரல் நீளம்கூட வராது. ரெட்சைட் டேஸ் என்று பெயர். முதுகு ஒலிவ் பச்சை, பக்கவாட்டில் மஞ்சள் கோடு, அதற்குக் கீழே செவுளிலிருந்து பாதி உடம்பு வரை இரத்தச் சிவப்பு. தண்ணீருக்கு மேலே புல்நுனியில் பறக்கிற பூச்சியைப் பார்த்து, கீழே வளைந்து நின்று, தண்ணீரைவிட்டுத் துள்ளி வாயால் பிடித்துக்கொண்டு விழும். கனடாவில் இப்படித் துள்ளிப் பூச்சி பிடித்தே வயிறு வளர்க்கிற கெண்டைச் சாதி வேறு இல்லை என்றே சொல்லலாம். சட்டப்படி இது அருகிவரும் இனம், பிடிக்கக் கூடாது. கரைப் புல்லை வெட்டிவிட்டால் பூச்சி இல்லை, சேறு கலந்தால் பூச்சி அதன் கண்ணுக்குத் தெரியாது. அவ்வளவு சின்னக் காரணத்துக்காக அது சாகிறது. வேடர் என்கிற நீர்புகாக் காற்சட்டை உடுத்து இடுப்பளவு தண்ணீரில் அசையாமல் நின்றால் மட்டுமே அதன் துள்ளல் தெரியும். இப்படி ஒரு மீன் இருக்கிறது என்பதை எனக்குச் சொன்னது புத்தகம் அல்ல, பள்ளிக்கூடம் அல்ல. ஒரு தூண்டில் கடைக்காரர்.

அந்தக் கடையைப் பற்றித்தான் எழுத வந்தேன். ஒரு பழைய பிளாசாவில், சலவைக் கடைக்கும் பல் வைத்தியருக்கும் நடுவே, இரண்டு பேர் ஒருவரையொருவர் கடந்துபோக உடம்பைத் திருப்ப வேண்டிய அகலம். சுவரில் சேவல் கழுத்துத் தோல்கள், மான் வால்கள், மயில் பீலிகள். நடுவே தட்டையான மரப்பெட்டி, அதில் சதுரம் சதுரமாக அறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு வகைப் பூச்சி. முள்ளின் எண் கூடக் கூட அளவு சிறுக்கும். 22ஆம் எண் பூச்சியை மூக்குக் கண்ணாடி இல்லாமல் எடுத்தால் கையில் இருக்கிறதா விழுந்துவிட்டதா என்று தெரியாது.

நான் முதன்முதலில் தடி வாங்கப் போனபோது அவர் கேட்ட கேள்வி, 'எவ்வளவு செலவழிப்பீர்கள்' என்பதல்ல. 'எந்த ஆறு?' என்றார். உங்கள் கட்டுரை பரிந்துரைத்த தொகுதிகளில் பெரும்பாலும் வருவது ஒன்பது அடி நீளமுள்ள ஐந்தாம் அல்லது ஆறாம் எண் தடி (தடியின் எண், அது வீசுகிற நூலின் பாரத்தைக் குறிக்கும்). ஃபேர்கஸ், எலோரா பக்கம் கிராண்ட் ஆற்றில் அது சரிதான். 1942இல் கட்டிய ஷாண்ட் அணையின் அடியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் வருவதால் கோடையிலும் அங்கே பிரவுண் ட்ரவுட் வாழ்கிறது. 1989இல் விடத் தொடங்கிய மீன்கள் அவை. கை வீச இடமுண்டு. ஆனால் கிரெடிட் ஆற்றின் மேல்பகுதியில் சீடர் கிளைகள் தலையில் முட்டுகிற ஓடையில் ஒன்பது அடித் தடியைத் தூக்கினால் மரத்தைத்தான் பிடிப்பீர்கள். அவர் எனக்குத் தந்தது ஏழரை அடி, மூன்றாம் எண், யாரோ திருப்பிக் கொடுத்த பழைய தடி. புதிய தடி வாங்க நான் காசோடுதான் போயிருந்தேன். மிச்சக் காசில் நல்ல நூல் வாங்கச் சொன்னார். விலை கூட என்று எழுதியவர் இந்தக் கணக்கையும் போட்டிருக்கலாம்.

மாரி காலத்தில் வாரத்தில் ஒரு மாலை அங்கே பூச்சி கட்டச் சொல்லிக் கொடுப்பார். ஒரு தடவை மட்லர் மினோ கட்டினோம். இது நமது மாகாணத்துப் பூச்சி: 1930களில் நிப்பிகன் ஆற்றங்கரையில் டான் கேப்பன் என்பவர் கல்லடியில் ஒளிகிற ஸ்கல்பின் மீனைப் பார்த்துச் செய்தது. அதன் தலைதான் கடினம். மானின் உரோமம் உள்ளே வெறும் காற்று. ஒரு சிட்டிகை எடுத்து, அடிப்பஞ்சைச் சீப்பால் வாரி நீக்கி, முள்ளின் கழுத்தில் வைத்து, நூலை இரண்டு சுற்றுத் தளர்வாகச் சுற்ற வேண்டும். பிறகு மெதுவாக இறுக்கினால், இவ்வளவு நேரம் படுத்துக்கிடந்த உரோமம் ஒரேயடியாகச் சிலிர்த்து முள்ளைச் சுற்றிவர எழுந்து நிற்கும். அதைக் கத்தரியால் உருட்டி வெட்டினால் தலை. அடியில் மெழுகு நூல் சுற்றியிருந்தால் உரோமம் சுழலாது, ஒரு பக்கமாகக் குவியும். வெறும் முள்ளில்தான் சுழலும். இதைக் காணொளியில் பார்க்கலாம் என்பீர்கள். பார்க்கலாம். ஆனால் காணொளி உங்கள் நூல் அறுகிற சத்தத்தைக் கேட்டு, 'பெருவிரலைத் தளர்த்து' என்று சொல்லாது. என் பக்கத்தில் ஒரு பொலிஸ்காரர், அடுத்து ஒரு உயர்பள்ளி மாணவி, அதற்கடுத்து ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்க்கும் ஒரு பிலிப்பினோக்காரர். இரவு வேலைக்காரனான எனக்கு இந்த நாட்டில் வேலையிடத்துக்கும் உறவினர் வீட்டுக்கும் வெளியே கிடைத்த முதல் கூட்டம் அதுதான்.

கடை வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. எந்த ஆற்றில் தண்ணீர் எவ்வளவு, கலங்கலா தெளிவா, எந்த நிசப் பூச்சி தண்ணீரிலிருந்து எழும்புகிறது என்று எழுதியிருப்பார். மே மாதத் தொடக்கத்தில் ஹென்ட்ரிக்சன், ஓகஸ்ட் காலைகளில் ட்ரைக்கோ. இவை வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ ஆற்றடியில் புழுவாகக் கிடந்து, இறக்கை முளைத்த பின் தின்ன உதவும் வாய்கூட இல்லாமல் ஓரிரு நாளில் இணை சேர்ந்து சாகிற பூச்சிகள். நீர் கெட்டால் சீக்கிரம் மறைபவையும் இத்தகைய பூச்சிகள்தான். வெயில் ஏறிய நாட்களில் பலகையில் ஒரே வரி இருக்கும்: '20 பாகைக்கு மேல். ட்ரவுட்டை விட்டுவிடுங்கள்.' சூடான தண்ணீரில் ஒட்சிசன் குறைவு. அப்போது பிடித்துத் திரும்ப விட்ட ட்ரவுட் நீந்திப்போவது போலத் தெரியும், பிறகு எங்கேயோ ஆழத்தில் செத்துப்போகும். யோசித்துப் பாருங்கள்: தூண்டில் விற்பவர் தன் வாசலில் எழுதிவைக்கிறார், இன்று மீன் பிடிக்காதே என்று. எந்த இணையக் கடை இதைச் செய்யும்?

சின்னக் கடைக்காரர்கள் எல்லாரும் மகாத்மாக்கள் என்று நான் சொல்லவில்லை. முகத்தைத் தூக்கிவைத்திருப்பவர்கள் உண்டு. நிறம் பார்த்துப் பேசுகிறவர்களையும் கண்டிருக்கிறேன், அந்த வாசலை மறுபடி மிதிக்கவில்லை. வேடரும் மழைக்கோட்டும் பெரிய கடையில் மலிவு என்பதும் உண்மை, நானே அங்கேதான் வாங்கினேன். ஆனால் பூச்சியும் நூலும் முள்ளும் வருடம் முழுவதும் தேவைப்படுகிறவை. அவற்றைச் சின்னக் கடையில் வாங்கினால் அந்தக் கடை அடுத்த வாடகையைக் கட்டும். இந்த நகரத்தில் எனக்குத் தெரிந்த தூண்டில் கடைகளில் சில ஏற்கெனவே மூடிவிட்டன. ஒன்றின் இடத்தில் இப்போது புகைக்குழல் விற்கிறார்கள்.

நம்மவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. செப்டெம்பரில் ஹைலண்ட் ஓடையில் பெரிய மூன்றுமுள் தூண்டிலை எறிந்து, சால்மனின் முதுகிலும் வாலிலும் கொழுவி இழுக்கிறவர்களைப் பார்க்கிறேன். எல்லாச் சமூகத்தவரும் இருக்கிறார்கள். தமிழும் காதில் விழுகிறது. அது சட்டவிரோதம். வாய் தவிர வேறெங்கே முள் பட்டாலும் மீனை உடனே விட வேண்டும். முட்டைக்காக வயிற்றைக் கிழித்துவிட்டு உடம்பைக் கரையில் எறிவதைப் பற்றி என்ன சொல்ல! முட்டையிட வந்த மீனின் சதை வெளிறிச் சவசவத்துப்போயிருக்கும், குழம்புக்கும் உதவாது, பொரியலுக்கும் உதவாது. சமைக்கத்தான் வேண்டுமென்றால் சந்தையில் வாங்குங்கள்.

வேறொன்று, மீன்பிடிக்காதவர்களுக்கும் உரியது. மாரியில் வாகனப் பாதையில் வாளி வாளியாக உப்புக் கொட்டுகிறோம். அது தெருக்கான் வழியாக நேரே ஓடைக்குப் போகிறது. நடுவில் எந்தச் சுத்திகரிப்பும் இல்லை. நீர்வாழ் உயிர்களுக்கான கனடிய வழிகாட்டி, நீண்டகாலத்துக்கு ஒரு லீற்றரில் 120 மில்லிகிராம் குளோரைட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது. பனி உருகும் நாட்களில் நகரத்து ஓடைகள் அதைப் பலமடங்கு தாண்டுகின்றன. மறை பத்துப் பாகைக்குக் கீழே சாதாரண உப்பு சரியாக வேலையும் செய்யாது. முதலில் பனியை அள்ளுங்கள். மிஞ்சினதற்கு ஒரு கோப்பை உப்பு போதும்.

ஆசிரியரே, உங்களிடம் கேட்பது பெரிதல்ல. மீன்பிடி உரிம விதிகளை ஒரு அரைப்பக்கத்தில் தமிழில் போடுங்கள். ஒன்ராரியோவில் வசிப்பவர்களில் 18 வயதிலிருந்து 64 வயது வரையானவர்கள் உரிமம் வாங்க வேண்டும். அதற்குக் குறைந்தவர்களும் 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களும் வயதைக் காட்டும் அரச அடையாள அட்டையோடு போகலாம். ஆகவே தாத்தாவும் பேரப்பிள்ளையும் ஒரு சதம் கட்டாமல் ஆற்றில் நிற்கலாம், அளவு விதிகளும் பருவ விதிகளும் மட்டும் அவர்களுக்கும் உண்டு. பல ஓடைகளில் ட்ரவுட் பருவம் ஏப்ரல் நான்காவது சனிக்கிழமை தொடங்கி செப்டெம்பர் 30இல் முடிகிறது. போகுமுன் அந்தந்த ஓடைக்குரிய விதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இதைத் தமிழில் வாசிக்கக் கிடைத்தால் அபராதச் சீட்டு வாங்கும் முதியவர்கள் குறைவார்கள்.

கடையின் பெயரை நான் எழுதவில்லை. எழுதினால் விளம்பரம் என்று வெட்டிவிடுவீர்கள், அது உங்கள் கடமை. உங்கள் வட்டாரத்தில் ஒன்று எஞ்சியிருந்தால் நுழைந்து, 'பக்கத்தில் எந்த ஆறு, இப்போது என்ன பூச்சி' என்று கேளுங்கள். ஆங்கிலம் தடுமாறினாலும் பரவாயில்லை, கையால் காட்டினாலே அவர்களுக்கு விளங்கும். பெரும்பாலும் திங்கட்கிழமை பூட்டியிருப்பார்கள்.

கடைசியாக ஒரு திருத்தம். ரூஜ் ஆறு என்று குறிப்பிட்டு நீங்கள் வெளியிட்ட, சால்மன் துள்ளுகிற படம் ரூஜ் அல்ல. அது ஹம்பர் ஆற்றில் ஓல்ட் மில்லுக்கு மேலேயுள்ள தடுப்பு. இரண்டு ஆறுகளுக்கும் நடுவே முழு நகரமே கிடக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயந்திரத் தொழிலாளி,
ஸ்காபரோ.